கடலோரக் கொல்லையில் குளிர்காலக் காய்கறி

இராமநாதபுரம் கடலோரத்தில் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி பிறக்கும் வரையுள்ள நாலு மாதந்தான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற காலம். தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை, கோடையில் வெறும் மணலாகக் கிடந்த கொல்லைகளில் கத்தரியும் வெண்டையும் சுரையும் ஒரு குடும்பம் உண்டு தீர்க்க முடியாத அளவுக்குக் காய்ப்பதை, தோட்டக்கலை ஆலோசனைக்காக வீடு வீடாகச் செல்லும் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதற்குக் காரணம் மார்கழிக் குளிர் என்றே பலரும் சொல்கின்றனர். ஆனால் கடலை ஒட்டிய ஊர்களில் இரவு வெப்பம் உள்நாட்டைப் போலக் குறைவதில்லை. தக்காளிப் பூ உதிராமல் பிஞ்சு பிடிப்பதற்கு அந்தச் சிறிய குளிர்ச்சி உதவுகிறது என்பது உண்மைதான். ஆயினும் பெரிய மாற்றத்தைச் செய்வது மழை. வேர் மண்டலத்தில் கோடை முழுவதும் சேர்ந்திருந்த உப்பை வடகிழக்குப் பருவமழைதான் கழுவிக் கீழே இறக்குகிறது.

நம் மணற்பாங்கான கரையில் கிணற்றுத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதைத் தோட்டம் போடுவோர் அறிந்திருக்க வேண்டும். மழைநீர் எடை குறைந்தது என்பதால், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் பாலின் மேல் ஆடை போல மிதக்கிறது. மோட்டாரைப் போட்டு அந்த நல்ல தண்ணீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்பு நீர் சுமார் 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மழை முடிந்ததும் கிணறு நிறைந்திருக்கிறதே என்று ஒரே மூச்சில் இறைத்துப் பாய்ச்சும் வீடுகளில், பொங்கலுக்குள்ளேயே தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமுமாக இறைப்பதும், பாத்தியில் வைக்கோல், தென்னை மட்டை, உதிர்ந்த இலை ஆகியவற்றை மூடாக்காகப் பரப்புவதும் போதிய பாதுகாப்பு.

உப்பு கிணற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, சமையலறையிலிருந்தும் வருகிறது. மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. அது நல்ல பழக்கம். ஆனால் அதே வாளியில் கருவாடு அலசிய தண்ணீரும் சேர்ந்துவிடுகிறது. இன்னொன்று, அண்மைக் காலத்தில் வீடுதோறும் வந்துவிட்ட ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி. அது வெளியேற்றும் தண்ணீர் வீணாகிறதே என்று குழாயைத் தொட்டிச் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உப்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட தொட்டிகளைக் குனிந்து பார்த்தால், விளிம்பிலும் தண்டைச் சுற்றிய மண்ணிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அடி இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதைப் போலக் காய்ந்திருக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரமிடுவது அந்தச் செடியை விரைவாகக் கொல்லும் வழி. உப்பைக் கரைத்துக்கொண்டு தொட்டியின் அடித்துளை வழியாக வழிந்தோடும் அளவுக்கு மழைநீரைத் தாராளமாக ஊற்றுவதே அதற்கு மருந்து. அதே காரணத்தால்தான் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக நனையும்படி பாய்ச்சச் சொல்கிறேன்.

என்ன விதைப்பது என்பதையும் உப்பை வைத்தே தீர்மானிக்க வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைச் சிறிதும் தாங்காதவை; பீட்ரூட் நன்றாகத் தாங்கும்; தக்காளி இரண்டுக்கும் இடைப்பட்டது. காலிஃப்ளவர் நாற்று வாங்கிவந்து ஏமாறும் வீடுகள் ஆண்டுதோறும் உண்டு. பூ கட்டினாலும் கைப்பிடி அளவுக்கு மேல் வராத அந்தப் பயிருக்கு நம் கரையில் இடம் ஒதுக்குவது வீண் என்பது என் கருத்து. அந்த இடத்தில் முள்ளங்கியை விதைத்தால் 45 நாளில் கிழங்கும் அதற்கு முன்பே கீரையும் கிடைக்கும். மிளகாய்க்கு வெளியில் தேட வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயே இந்த மண்ணுக்குப் பழகியது. கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைப் புரட்டாசியிலேயே நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். தையில் தோட்டம் தொடங்குபவர் உப்பு ஏறும் பருவத்தில்தான் பறிப்புக்கு வருகிறார்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடியில் ஊன்றிய கொடி ஐப்பசி வரை பந்தல் முழுவதும் படர்ந்தும் ஒரு பூவும் காட்டவில்லையே என்று சலித்து வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்தல் அவரை பகல் பொழுது குறுகிய பிறகே பூக்கும் இயல்புடையது; கார்த்திகை, மார்கழியில் தானே பூத்துச் சரஞ்சரமாகக் காய்க்கும். பூங்கொத்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி மொய்த்தால், அந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் போதும். கடைகளில் விற்கும் பூச்சிமருந்துகளுக்கு, தெளித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலம் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க இயலாது என்பதால், அவற்றை வீட்டுத் தோட்டத்தில் நான் பரிந்துரைப்பதே இல்லை.

பாக் நீரிணையை ஒட்டிய ஊர்களில் வாடைக்காற்று உப்புத் துளியைச் சுமந்து வரும். வடகிழக்குப் பக்கம் பனை மட்டையாலோ கிடுகாலோ ஓர் ஆள் உயர வேலி வைத்து, பலத்த காற்றுக்கு மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

இத்தனை செய்து விளைந்ததைப் பலரும் நேரத்தில் பறிப்பதில்லை. நாலு காய் சேரட்டும், இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். வெண்டை பூத்த ஆறேழு நாளுக்குள் பறிக்கப்பட வேண்டியது. அதன் பிறகு நார் ஏறும். கத்தரியின் தோல் பளபளப்பு இழந்தால் உள்ளே விதை முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைவிட முக்கியமானது, முற்றிய காய் செடியில் தொங்கும் வரை செடி தன் சத்தை விதைக்கே அனுப்பும், புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தேவைக்கு மேல் காய்த்தாலும் பிஞ்சாகவே பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவதே தோட்டத்துக்கும் நல்லது.

தை கடைசியில் ஈரப்பதம் குறைந்து வெயில் உறைக்கத் தொடங்கும்போது கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய் போட்டுவைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மீன் வரத்தும் குறைந்து கொல்லையும் காய்ந்திருக்கும்போது, கத்தரி வற்றலும் கருவாடும் சேர்ந்த குழம்பு பல வீடுகளில் கைகொடுக்கிறது. மாசி பிறந்ததும் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, கரித்தால் கொத்தவரை, முருங்கை, சுண்டை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றச் செடிகளைப் பிடுங்கி அந்தந்தப் பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.