பின்னறைக்கு வைஃபை வரவில்லையா? பெட்டியை மாற்றுமுன் கம்பியைப் பாருங்கள்

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு இணைய வலையமைப்பு போட்டுக்கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த வைஃபை பெட்டிக்குப் பவர் அதிகம்?" தரைவீட்டுக்காரர் கேட்டால் அதில் ஓரளவு பொருள் உண்டு. இடமும் வலமும், மேலும் கீழும் வீடுகள் நெருக்கிக்கொண்டிருக்கும் கொண்டோவில் அது தவறான கேள்வி. அங்கே கேட்க வேண்டியது, பெட்டி எந்த இடத்தில் இருக்கப்போகிறது, அந்த இடத்துக்கு இணையக் கம்பி எப்படிப் போகும் என்பதைத்தான்.

செத்தாபாக்கில் மூன்று அறை கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து இணைய இணைப்பு வந்து சேரும் ஃபைபர் பெட்டி வாசற்கதவை ஒட்டிய செருப்பு அலமாரிக்குள் இருந்தது. பெரும்பாலான கொண்டோக்களில் அதற்கு விதிக்கப்பட்ட இடம் இப்படி ஒரு மூலைதான். அதன் பக்கத்தில் புதிதாக வாங்கிய ரவுட்டர், எட்டு ஆன்டெனாக்களையும் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்கார அக்கா சலித்துப்போயிருந்தார். "தம்பி, மூன்று மாடி வீட்டுக்கே இது போதும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் என் மகள் இணைய வகுப்புக்கு அறையை விட்டு வந்து கூடத்துத் தரையில் உட்காருகிறாள்."

கைப்பேசியில் அலையின் வலிமையை அளந்து பார்த்தோம். கூடத்தில் மைனஸ் 45 டிபிஎம், அறைகளுக்குப் போகும் நடையில் மைனஸ் 62, கடைசி அறையில் மைனஸ் 79. இந்த எண் சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் காணொளி அழைப்பு திணறத் தொடங்கும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அலமாரிக்கும் கடைசி அறைக்கும் இடையே இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் சுவர் ஒன்று, ஓடு பதித்த குளியலறைகள் இரண்டு, போதாக்குறைக்கு ஆளுயரக் கண்ணாடி பதித்த துணி அலமாரி ஒன்று. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதால் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

எட்டு ஆன்டெனா ஏன் உதவவில்லை? எந்தப் பெட்டியானாலும் அனுப்பும் சக்திக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. கொம்புகளைக் கூட்டி அதைத் தாண்ட முடியாது. அப்படியே உரக்கச் சொன்னாலும் கைப்பேசி பதில் சொல்ல வேண்டுமே? சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு அது அனுப்பும் அலை மிக மெலிது. ரவுட்டர் பேசுவது கைப்பேசிக்குக் கேட்கும், கைப்பேசி பேசுவது ரவுட்டருக்குக் கேட்காது. திரையில் முழுக் கோடுகள் தெரிந்தும் படம் சுற்றிக்கொண்டே இருக்கும் மர்மம் பல வீடுகளில் இதுதான்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது எளிய வேலை. செருப்பு அலமாரியிலிருந்து பிளாஸ்டர் சீலிங்குக்கு மேலே ஒரு கம்பி இழுத்து, கூடமும் அறைகளும் சந்திக்கும் நடையின் கூரையில் தட்டு அளவிலான அக்சஸ் பாயிண்ட் (கம்பியில் வரும் இணையத்தை வைஃபை அலையாகப் பரப்பும் பெட்டி) ஒன்றைப் பொருத்தினோம். கடைசி அறையில் மைனஸ் 55 வந்தது. எட்டுக் கொம்பன் இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. வைஃபை அணைக்கப்பட்டு, ரவுட்டர் வேலையை மட்டும் பார்க்கிறது.

சக்தியைக் கூட்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் அண்டை வீட்டார். வைஃபை கருவிகள் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள், 1, 6, 11 என மூன்றே மூன்று. ஒரு மாடியில் பத்து வீடுகள், மேலே கீழே இன்னும் எத்தனையோ வீடுகள், எல்லாரும் இந்த மூன்றுக்குள் வரிசையில் நிற்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் புழங்குவது இங்கேதான். இங்கே சக்தியைக் கூட்டினால் இன்னும் பல வீடுகளின் வரிசையில் நீங்களும் போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டச் சிரமப்படும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அது வரம். அண்டை வீட்டு அலையும் உங்கள் வீட்டுக்குள் வரச் சிரமப்படும் அல்லவா? 2.4ஐ ஒரேயடியாக மூடிவிடவும் வேண்டாம். ரோபோ துடைப்பான், கதவு மணி, மலிவான கேமரா போன்றவை பெரும்பாலும் அதை மட்டுமே அறிந்தவை. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து அவற்றுக்கென விட்டுவிடுங்கள்.

இனி அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள். வைஃபை 6 தலைமுறைப் பெட்டிகளில் காணும் ஏஎக்ஸ்3000 என்பது 2.4இல் 574, 5இல் 2402 மெகாபிட் என்று இரண்டையும் கூட்டி, மூவாயிரமாக்கிப் போட்ட தொகை. ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடைக்கும் ஏட்டுக் கணக்கு. நெரிசல் மிகுந்த கட்டடத்தில் நான் 80க்கு மேல் வைப்பதில்லை, சில இடங்களில் 40தான். 80இல் அது 1201 ஆகிறது. கையில் கிடைப்பது அதில் பாதியோ சற்றுக் கூடவோ. வீட்டில் இருப்பது 300 மெகாபிட் திட்டம் என்றால் அதுவே தாராளம். எண்ணைவிடப் பின்பக்கத்துத் துளையைப் பாருங்கள். முந்தைய தலைமுறையைச் சேர்ந்த மலிவான ஏசி1200 பெட்டிகள் சிலவற்றில் கம்பி செருகும் துளை 100 மெகாபிட் வகை. எவ்வளவு வேகத் திட்டம் எடுத்தாலும் 95க்கு மேல் ஏறாது. "கிகாபிட்" என்று எழுதியிருக்க வேண்டும்.

வைஃபை 6 இன்றைக்கு ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. 2024 ஜனவரியில் சான்றிதழ் தொடங்கிய வைஃபை 7 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். மலேசியாவில் வைஃபைக்கு அங்கே திறந்திருப்பது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட சேனல் ஒன்றே ஒன்றுதான் அதில் அடங்கும். பணம் இருந்தால் வாங்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் முதலில் கம்பி இழுங்கள் என்பேன்.

கம்பி விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கேட்5இ எனப்படும் கம்பி வகையே 100 மீட்டர் வரை கிகாபிட் கொண்டுபோகும்; வீட்டுக்குள் அதற்கு மேல் அவசியமில்லை. ஆனால் தூய செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியைச் செம்பு என்றே விற்கிறார்கள். நுனியைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூரையில் பொருத்தும் பெட்டிக்கு மின்சாரமும் அதே கம்பியில்தான் போகும். பிஓஇ எனப்படும் இந்த முறையில் மட்டமான கம்பி சூடாகும், நாளடைவில் முறியும். கம்பிக்குள் மின்சாரம் ஏற்றும் பிஓஇ இன்ஜெக்டரைத் தனியாக வாங்கினால் அக்சஸ் பாயிண்ட் கேட்கும் தரமும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். 24 வோல்ட் பழைய வகையும் 48 வோல்ட் தர வகையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

கம்பியே இழுக்க முடியாது என்றால் மெஷ், அதாவது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இணையத்தை அலை வழியாகவே கடத்தும் முறை. இரண்டாவது பெட்டியை அலை எட்டாத அறைக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. முதல் பெட்டியின் அலையே சரியாக வராத இடத்திலிருந்து அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? நடுவழியில், அலை நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். அப்போதும் ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் என்பதால் வேகம் குறையத்தான் செய்யும். பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் புதிதாக எதையும் வாங்குமுன் அதன் அமைப்பில் அக்சஸ் பாயிண்ட் முறை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒரு கம்பியின் செலவோடு வேலை முடிந்தது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், வெவ்வேறு சேனல் வைத்து, சக்தியை நடுத்தர அளவுக்கு இறக்குங்கள். இறக்காவிட்டால் கைப்பேசி தொலைவில் இருக்கும் பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் டிரங்கிங் (கம்பியை மூடும் பிளாஸ்டிக் உறை) ஒட்டிக் கம்பி இழுப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. சுவரைக் குடைவதாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வெளி நடையும், மாடிக்கு மாடி கம்பிகள் ஏறிச் செல்லும் ரைசர் அறையும் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் எல்லா வீட்டாருக்கும் பொதுவான சொத்து; அங்கே கைவைக்கக் கூடாது. மின்னணுப் பொருள் விற்கும் லோ யாட் பிளாசாவிலோ இணையக் கடையிலோ வாங்கும்போது தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கென வந்த பெட்டி நமக்கு அனுமதியில்லாத சேனல்களில் வேலை செய்யக்கூடும், உத்தரவாதமும் இராது. பொருத்திய அன்றே பெட்டியின் அமைப்புக்குள் நுழையும் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தக் கடவுச்சொல்லை வீட்டுக்கு வரும் எவரும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்யும்போது பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கம்பியை விட்டுச் செல்லலாம். மறுமுனை எங்கே இருக்கிறது என்று இரண்டு நுனியிலும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், அடுத்து வரும் டெக்னீஷியனுக்கு அரை நாள் வேலை மிச்சம்.