சி.எஸ்.ஆர் கொடுத்தால் கேஸ் போட்டதாக ஆகாது

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா போன மாதம் நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மகனின் பைக் திருடுபோய் ஐந்து வாரம். "கேஸ் போட்டாச்சு தம்பி, ரசீது இருக்கு, ஆனா இன்சூரன்ஸ்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றார். பிரித்துப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர்.

சி.எஸ்.ஆர் என்பது சமூகப் பணிப் பதிவேடு. உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு. பைக் திருட்டு மாதிரி வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பி.என்.எஸ்.எஸ்) சில குற்றங்களில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதலில் விசாரித்துப் பார்க்கலாம்தான், ஆனால் அதற்கு டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். ஐந்து வாரம் எந்தக் கணக்கில் வருகிறது?

அக்கா நாலு முறை நடந்திருக்கிறார். ஒரு நாள் ரைட்டர் இல்லை, ஒரு நாள் ஐயா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால், முதல் நாளே "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று வேறு ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த லிமிட் பேச்சை நம்பாதீர்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று அதே புதிய சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. வாங்கிப் பதிந்து அவர்கள்தான் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று, பணத் தகராறு, அடிதடி மனுக்களில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு "பேசி முடிச்சுக்கோங்க" என்பார்கள். பேசுங்கள், ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று அதில் எழுதி மனுவை முடித்துவிட்டால் அப்புறம் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் புகாரை எழுதி, சி.எஸ்.ஆர் நகலையும் சேர்த்து எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பெரும்பாலும் அது அதே ஸ்டேஷனுக்குத்தான் திரும்பி வரும், பரவாயில்லை. அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட், அங்கே இந்தத் தபால் ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். கையில் வாங்கியதும் வண்டி எண், சேஸிஸ் எண், திருடுபோன தேதி மூன்றையும் ஸ்டேஷனிலேயே நின்று ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எண் மாறினாலும் இன்சூரன்ஸில் மறுபடி இழுத்தடிப்பார்கள்.