தைத்த நரம்பு ஏன் உடனே வேலை செய்வதில்லை?

நுங்குக் காலத்தில் கத்தி வழுக்கி மணிக்கட்டை வெட்டிக்கொள்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வருடமும் உண்டு. நரம்பைத் தைத்து, காயமும் ஆறியபின் இயன்மருத்துவத்துக்கு வரும்போது அவர்கள் கேட்பது இதைத்தான்: "மிஸ், தைச்சு ரெண்டு மாதமாச்சு, விரல் இன்னும் விறைச்சுத்தான் கிடக்கு. தையல் பிழைச்சுப் போச்சோ?"

பெரும்பாலும் பிழைக்கவில்லை. வெட்டுக்குக் கீழே இருக்கும் நரம்பிழைகள் சில நாட்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். சத்திரசிகிச்சையில் பொருத்தித் தைப்பது நரம்பின் வெளியுறையைத்தான். அதற்குள் புதிய இழைகள் மேலிருந்து முளைத்து விரல்நுனி வரைக்கும் போகவேண்டும்.

வளரும் இழையின் நுனிக்கு வளர்கூம்பு என்று பெயர். 1890இல் ஸ்பானிய விஞ்ஞானி ரமோன் இ கஹால் கோழிக்கருவில் கண்டு விவரித்தது. அதிலிருந்து நுண்ணிய முளைகள் நாலாபக்கமும் நீண்டு, தொட்டுப் பார்த்து, சுருங்கிக்கொண்டே இருக்கும். கருவில் நரம்புகள் பாதை பிடிப்பதும் இப்படித்தான். நெட்ரின் என்ற புரதம் தட்டுப்பட்டால் பல இழைகள் அந்தப் பக்கம் திரும்பும். செமாபோரின் என்ற புரதம் பட்டால் கூம்பு சுருண்டு பின்வாங்கும். இதில் ஒரு வேடிக்கை: ஒரு இழையை இழுக்கும் அதே நெட்ரின் இன்னொன்றைத் துரத்தும். இழையின் மேற்பரப்பில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

வெட்டுப்பட்ட கையில் வழிகாட்டுவது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் சுவான் கலங்கள். அவை பழைய பாதையில் வரிசையாக நின்று வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும். முதன்முதலில் அப்படியொரு காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் நிலைமை வேறு. அங்கு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையில் நோகோ போன்ற தடுப்புப் புரதங்கள் உண்டு, தழும்பும் வழிமறிக்கும். போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களின் வீட்டார், "கைநரம்பு வளருதெண்டால் இது ஏன் வளரேல்லை?" என்று கேட்பதற்கு விடை இதுதான்.

சரி, வேகம் எவ்வளவு? ஆரம்பத் தாமதம் போக, நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்ரிமீற்றர் என்றால் ஆறு மாதத்துக்கு மேல். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இன்னும் இழுபடும். கடையில் வாங்கும் விற்றமின் குளிசையால் இந்த வேகம் அதிகரிக்காது. எண்ணெய் போட்டு உருவினாலும் அதிகரிக்காது.

இழை போய்ச்சேரும்வரை மூட்டுகள் இறுகாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதனால்தான் "உணர்ச்சி வரட்டும், பிறகு பயிற்சிக்கு வாறன்" என்று நின்றுவிடுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. விறைத்த விரலால் தேநீர்க் கோப்பையின் சூட்டைப் பார்க்கவும் வேண்டாம். சுட்டது தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

நரம்பின் வழியே மெதுவாகத் தட்டினால் ஓரிடத்தில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். 1915இல் பிரெஞ்சு மருத்துவர் டினெல் எழுதிவைத்த அடையாளம் அது. அந்த இடம் மாதாமாதம் விரலை நோக்கி நகர்ந்தால் இழை வளர்கிறது. சில மாதங்களாக அசையாமல் தழும்பிலேயே நின்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் திரும்பக் காட்டுங்கள். நரம்பில்லாமல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிடந்த தசை, பிறகு இழை வந்து சேர்ந்தாலும் பழையபடி இயங்குவது கடினம்.