முன் சக்கரம் மட்டும் சூடாகிறதா? பிரேக் ஹோஸைப் பாருங்கள்

கொல்லிமலைக்குப் போய் வந்த ஒருவர் போன மாதம் தன் காரை என்னிடம் கொண்டு வந்தார். 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்ததிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது, அந்தச் சக்கரத்தில் கருகல் வாடை வேறு என்றார். ஏற்கெனவே வேறொரு இடத்தில் இரண்டு முறை பிரேக் பேட் மாற்றி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அந்தப் பேட்டை அழுத்துகிற கேலிப்பருக்குப் புது சீல் கிட்டும் போட்டிருக்கிறார். ஹோஸை மட்டும் யாரும் தொடவில்லை. மேலே ஒரு வெடிப்புகூட இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கேலிப்பருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டு போகும் இந்த ஹோஸின் கோளாறு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். உள்ளே ரப்பர், நடுவில் நூல் பின்னல், மேலே இன்னொரு ரப்பர். வயதானால் உள் ரப்பர் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். நாம் மிதிக்கிற வேகத்துக்கு ஆயில் எப்படியாவது புகுந்து போய்விடும். காலை எடுத்த பிறகு அதைத் திருப்பித் தள்ள அவ்வளவு பலம் கிடையாது. பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே நிற்கும்.

ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, பிரேக்கை மிதித்து விட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை. ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்தினேன், அப்போதும் அசையவில்லை. அதை இறுக்கிவிட்டு, கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுலபமாகச் சுற்றியது. கேலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஜாமாகியிருந்தால் இப்படி விட்டிருக்காது. கழற்றிய ஹோஸைக் குறுக்கே வெட்டி அவரிடமே காட்டினேன். ஊசி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது.

ஹோஸ் கெடுவதற்கு வயது மட்டும் காரணமல்ல. பேட் மாற்றும்போது கேலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்க விடுகிறார்கள். அத்தனை எடையும் அந்த ரப்பரில்தான் விழுகிறது. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க ஒரு நிமிடம் ஆகுமா? ஆயில் ஒழுகாமலிருக்கக் கட்டிங் பிளேயரால் ஹோஸை நெரிப்பதும் இதே கேடுதான். உங்கள் வண்டிக்கு இப்படிச் செய்வதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மாற்றினால் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கெட்டால் அதே வயதுள்ள மற்றொன்றை நம்ப முடியாது. ஹோஸைக் கேலிப்பரில் பூட்டும் போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இருபுறமும் புது காப்பர் வாஷர் போட வேண்டும், பழையது கசியும். ஹோஸ் முறுக்கில்லாமல் உட்கார வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரிலோ வேறெதிலோ உரசுகிறதா என்று நான் கண்ணால் பார்க்காமல் வண்டியைக் கீழே இறக்குவதில்லை.

வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கிற ரகத்தையே, சீல் பிரிக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே தரை வரை போகும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுத்து முடித்ததும் ஒருவர் பெடலைப் பலமாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் எல்லா இணைப்பிலும் கசிவு பார்க்க வேண்டும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ச் சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.