வாட்டர்கலர் பிரஷ்: முடிக்குக் கொடுக்கும் பணத்தைப் பேப்பருக்குக் கொடுங்கள்

வாட்டர்கலர் வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "சார், கோலின்ஸ்கி பிரஷ் வாங்கினாத்தான் நல்லா வருமா?" யூடியூபில் யாரோ ஒருவர் ஒரே இழுப்பில் படகின் விளிம்பை வரைகிறார், அதே பிரஷ்ஷைச் சாய்த்து வானத்தையும் நிரப்பிவிடுகிறார், கீழே கோலின்ஸ்கி என்று அந்த விலங்குமுடி பிரஷ்ஷின் பெயர் போட்டிருக்கிறது, தேடிப் பார்த்தால் எட்டாம் நம்பர் ஒன்றுக்கே பல ஆயிரம் ரூபாய். வீட்டில் கேட்கத் தயக்கம், விடவும் மனசில்லை. பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாக்கள் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "விலை குறைஞ்சதை வாங்கிக் கொடுத்தா இவன் கை கெட்டுப் போயிடுமோ?"

கெடாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் நல்ல சிந்தெடிக் பிரஷ், அதாவது செயற்கை இழை பிரஷ், தாராளமாகப் போதும். தொழிலாக வரைகிறவர்களிலும் பலருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பேப்பர் வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று, இது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: என்ன முடி என்று எங்கும் எழுதாமல், "ஒரிஜினல் ஹேர்" என்று வாயால் மட்டும் சொல்லி விற்கிற பிரஷ்ஷை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

முதலில் விலை கூடின முடிக்கு உள்ள பெருமை என்னவென்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் விளம்பரம் இல்லை. கோலின்ஸ்கி என்பது சைபீரியா, வடகிழக்குச் சீனா பக்கம் வாழ்கிற, பார்க்கக் கீரி ஜாடையில் இருக்கும் வீசல் என்ற சின்ன விலங்கின் வால்முடி. கடுங்குளிரில் வளர்கிற முடி என்பதால் நீளமாகவும் வலுவாகவும் இருக்கும். ஒவ்வொரு முடியும் நடுவில் தடித்து நுனியில் மெலிந்து போகும், மேல்தோலில் நுண்ணிய செதில்கள் இருக்கும், தண்ணீர் அந்தச் செதில்களிலும் முடிகளுக்கு நடுவிலும் பிடித்து நிற்கும். பிரஷ் செய்கிறவர்கள் நுனியைக் கத்தரிப்பதே இல்லை. முடிகளை ஒரு சிறு குப்பிக்குள் நுனி கீழ்ப்பக்கம் இருக்கும்படி போட்டுத் தட்டித் தட்டிச் சேர்த்து, அடிப்பக்கத்தைக் கட்டி வெட்டுகிறார்கள். முனை அவ்வளவு கூராக வருவதற்கு அதுதான் காரணம். விலையில் பெரும்பங்கு முடிக்கும் இந்தக் கைவேலைக்கும்தான் போகிறது. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 பிரஷ், 1866ல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்ட வரிசையிலிருந்து வந்தது என்று அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. அன்றைக்கே இது அரண்மனைப் பொருள்தான்.

கையில் பிடித்தால் என்ன வித்தியாசம்? எட்டாம் நம்பர் கோலின்ஸ்கியை நீலத்தில் நன்றாகத் தோய்த்து, பேப்பரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கடைசி அங்குலமும் முதல் அங்குலம் மாதிரியே ஈரமாக இருக்கும். அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் முனை தானாகக் கூடிக்கொள்ளும். சாதாரண சிந்தெடிக்கில் இதையே செய்தால், வைத்த இடத்தில் சொட்டாகக் கொட்டிவிட்டு, பாதி தூரத்தில் வறண்டு, கோடு கீறல் கீறலாகிவிடும். நைலானோ பாலியெஸ்டரோ, அந்த இழை வழவழவென்று இருக்கும், தண்ணீரைப் பிடித்துவைக்கச் செதில் கிடையாது, அதனால் உடனே விட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவர் இதைப் பார்த்துத் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். கையில் ஒன்றும் இல்லை, இழையின் குணம் அப்படி.

ஆனால் இந்தக் குணத்தைச் சமாளிக்கிற வழிகள் எளிமையானவை, அவற்றைப் பழகினால் சிந்தெடிக் பிரஷ்ஷை வைத்துக்கொண்டும் நன்றாக வரையலாம். தோய்த்ததும் பிரஷ்ஷின் அடிப்பக்கத்தை, அதாவது முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழாயான ஃபெரூலை ஒட்டின இடத்தை, ஈரத்துணியில் ஒரு தடவை ஒற்றிவிடுங்கள், முதல் சொட்டு விழாது. கோலின்ஸ்கியில் எட்டு எடுக்கிற இடத்தில் சிந்தெடிக்கில் பத்தோ பன்னிரண்டோ எடுங்கள். வண்ணத்தைத் தட்டில் முன்கூட்டியே நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி வாஷில், அதாவது பெரிய இடத்தில் வண்ணத்தைச் சீராகப் பரப்பும்போது நடுவில், நின்று மறுபடி கரைக்கப் போனால் எந்த பிரஷ்ஷும் காப்பாற்றாது. பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் கோட்டின் கீழ் விளிம்பில் வண்ணம் மணியாகத் திரண்டு நிற்கும், அடுத்த இழுப்பில் அதைத் தொட்டுக் கீழே கொண்டுவந்துவிடலாம். இவ்வளவையும் மலிவான பிரஷ்ஷில் கற்றுக்கொண்ட கை, பின்னால் எந்த பிரஷ்ஷைப் பிடித்தாலும் சுகமாக ஓடும்.

இன்றைக்கு வருகிற சிந்தெடிக்கும் பழைய நைலான் பிரஷ் இல்லை. இழையை நெளிவாகவும், வேறு வேறு தடிமனிலும், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியும் செய்கிறார்கள். பிரின்ஸ்டன் நெப்டியூன், டா வின்சி கசானியோ, எஸ்கோடா பெர்லா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி: நெப்டியூனும் கசானியோவும் அணில்முடி போல மெத்தென்று நிறையத் தண்ணீர் குடிக்கும், பெர்லா விறைப்பாக, கூர்முனையோடு இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் இவையும் சல்லிசு இல்லை, ஆனாலும் கோலின்ஸ்கி விலை கிடையாது. நம் ஊர் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கிற கேம்லின் சிந்தெடிக் ரவுண்டு பிரஷ்ஷில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் அதிலேயே வரைகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் படங்களை எட்ட நின்று பார்த்து எந்த பிரஷ்ஷில் வரைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் வகுப்பில் செய்தே காட்டுவது வழக்கம். ஒரே பிரஷ், ஒரே வண்ணம். ஒரு பக்கம் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் (வழக்கமான டிராயிங் பேப்பர்), இன்னொரு பக்கம் நூறு சதவீதம் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள். கார்ட்ரிட்ஜில் தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாக எழும்பும், வண்ணம் பள்ளங்களில் தேங்கும், மேலே ஓடுகிற ஃபேன் காற்றில் வாஷ் நடுவழியிலேயே காய்ந்து கெட்டியான விளிம்பு விழுந்துவிடும். பருத்தித் தாளில் ஈரம் உள்ளே நிற்கும், இரண்டாவது வண்ணத்தைத் தொட்டு வைக்க நேரம் கிடைக்கும், தவறினால் ஈர பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவும் முடியும். அதுவும் சென்னையில் மே மாதம் வரைந்து பார்த்தவர்களுக்கு இந்த நேரத்தின் அருமை தெரியும். பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம், ஏனென்றால் படத்தில் தெரிகிற மாற்றம் பிரஷ்ஷை மாற்றுவதால் வருவதைவிடப் பல மடங்கு பெரிது. ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் போன்ற வெளிநாட்டுத் தாள்களின் விலை கட்டுப்படாவிட்டால் நம் நாட்டிலேயே செய்கிற பருத்தித் தாள்கள் இருக்கின்றன, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள் பட்டறையைக்கூட ஒரு நடை போய்ப் பார்க்கலாம். பெரிய தாளாக வாங்கி நாலாக, எட்டாகக் கிழித்துப் பயன்படுத்துங்கள்.

இனி, அந்தப் பெயரில்லாத முடி. உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், பிரஷ் தயாரிப்புக்குப் பேர் போன ஊர். நேர்மையாகத் தொழில் செய்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாடு முழுக்க பிரஷ்ஷுக்காகக் கீரியைக் கொல்வது நீண்ட காலமாக நடந்து வருகிறது. ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரிகள் கொல்லப்படுவதாக வனவிலங்குப் பாதுகாப்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைக் கொல்வது மட்டுமில்லை, அதன் முடியில் செய்த பொருளை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான். 2019ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தி இந்த பிரஷ்களைப் பறிமுதல் செய்தது. ஓவியம் படிக்கிற பிள்ளை, விவரம் தெரியாமல் வாங்கின ஒரு பொருளால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கீரி முடியில் கருமையும் வெளிர் மஞ்சளும் மாறி மாறிப் பட்டையாக இருக்கும், பிரஷ்ஷில் நுனி கறுத்தும் நடு வெளிறியும் தெரியும். ஆனால் அதே நிறப் பட்டைகளோடு சிந்தெடிக்கும் வருகிறது என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஏற்கெனவே கையில் சந்தேகமான பிரஷ் இருந்தால், உதிர்ந்த ஒரே ஒரு இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். மயிர் கருகுகிற நாற்றம் வந்து பொடியாக உதிர்ந்தால் விலங்கு முடி, உருகி நுனியில் கறுப்பு உருண்டையாக நின்றால் செயற்கை இழை. எந்த விலங்கு என்று இந்தச் சோதனை சொல்லாது. அதனால்தான் பெட்டியிலோ கைப்பிடியிலோ முடியின் பெயர் இல்லாததை வாங்காமல் இருப்பதே நல்லது என்கிறேன். 'கேமல் ஹேர்' என்று போட்டிருந்தாலும் ஒட்டக முடி இருக்காது, அணில், ஆடு, குதிரைக்குட்டி என்று எதையாவது கலந்து வரும், பெரும்பாலும் தொளதொளவென்று முனை கூடாமல் இருக்கும். காசுக்குக் கேடு.

கோலின்ஸ்கிக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. அந்த வீசல் இனம் நம் இமயமலைப் பகுதியிலும் வாழ்கிறது, இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் வனவிலங்கு வணிகத்தை முறைப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டுகிற சரக்குக்கு அதற்குரிய ஆவணம் வேண்டும். அது சரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போன கோலின்ஸ்கி பிரஷ்கள் சில வருஷங்களுக்கு முன் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு, அங்கே தட்டுப்பாடே வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் கையில் சொல்லியனுப்புகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கைப் பிடித்து எடுக்கிற முடி வேண்டாம் என்று சொல்கிற மாணவர்களும் என்னிடம் வருகிறார்கள், அவர்கள் ஓவியத்தில் எதையும் இழக்கப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்லி அனுப்புகிறேன்.

அப்படியானால் கோலின்ஸ்கி யாருக்குத்தான்? கோட்டோவியம், தாவர ஓவியம், சின்ன அளவில் நுணுக்கமாக வரைவது என்று நாள் முழுக்க முனையை நம்பி வேலை செய்கிறவர்கள், சிந்தெடிக்கில் எந்த இடத்தில் தடங்குகிறது என்று விரலால் உணர்ந்து சொல்ல முடிகிறவர்கள், நம்பகமான பெயருள்ள கம்பெனியில் பில்லோடு ஒரே ஒரு பிரஷ் வாங்கலாம். செட் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட்டில் மூன்றுதான் கைக்கு வரும். தடித்து மெத்தென்று இருக்கும் அணில்முடி மாப் பிரஷ்ஷும் அப்படித்தான், வானத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் விறைப்பே கிடையாது, அதை வைத்துக்கொண்டு கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தின் மாடங்களைப் பிரிக்க முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் தருவார். புது பிரஷ்ஷைப் பசை போட்டுக் கூராக்கி வைத்திருப்பார்கள், அதனால் எல்லாப் புது பிரஷ்ஷும் பார்க்கக் கூராகத்தான் இருக்கும். தண்ணீரில் அலசிப் பசையைப் போக்கிவிட்டு மணிக்கட்டை ஒரு உதறு உதறுங்கள். முனை ஒற்றையாகக் கூடினால் சரி, இரண்டாகப் பிளந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு விரல் நகத்தின் மேல் லேசாக வளைத்து விடுங்கள், நிமிர வேண்டும். ஃபெரூலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இப்போதே ஆடினால் சீக்கிரம் கழன்றுவிடும்.

சிந்தெடிக்குக்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு, நாள் ஆக ஆக நுனி கொக்கி மாதிரி மடங்கிவிடும். சூடான தண்ணீரில் நுனியை மட்டும் சில விநாடி காட்டி, விரலால் நீவி, படுக்கையாகக் காயவிட்டால் பெரும்பாலும் நிமிரும். ரொம்ப மடங்கினதை மாற்றிவிட வேண்டியதுதான். விலங்கு முடிக்கு இந்தச் சூடு ஆகாது. அதற்கு வேறு பகை: பூச்சி. டப்பாவில் மூடிவைத்து மறந்துபோனால் அந்துப்பூச்சி அரித்துவிடும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை. எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக ஊறவிடாதீர்கள், முனையும் வளையும், தண்ணீர் கைப்பிடி மரத்துக்குள் இறங்கி வார்னிஷும் வெடிக்கும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் சிந்தெடிக்கில் நாலு, எட்டு, பன்னிரண்டு நம்பர் ரவுண்டு, ஒரு அங்குல ஃபிளாட் வாங்கினால் நெடுநாள் வேறு எதுவும் தேவைப்படாது. முனை போன பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போடாதீர்கள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவ, காய்ந்த வண்ணத்தைத் தேய்த்து எடுக்க, ட்யூபிலிருந்து பிதுக்கின வண்ணத்தைக் கரைக்க அது வேண்டும், இந்த வேலைகளுக்கு நல்ல பிரஷ்ஷை எடுத்தால் ஒரே நாளில் அதன் முனையும் போய்விடும்.