பழைய கார் கிளம்பவில்லையா? பெட்ரோல் எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த காரை ஆண்டுக்கு அடிப்படையாக 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் அது பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் புழுக்கத்தில் சும்மா நிற்கிறது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோல் தங்கும் மிதவை அறை கொள்வது ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான். வாரக்கணக்கில் நின்றால் அது ஆவியாகி, அடியில் பழுப்புப் பிசின் மட்டும் மிஞ்சும். ஆகவே நீண்ட ஓய்வுக்குப் பிறகு பத்துப் பதினைந்து விநாடி ஸ்டார்ட்டர் சுற்றிய பிறகே எஞ்சின் பிடித்தால் கவலை வேண்டாம். பம்ப் அந்த அறையை நிரப்ப எடுக்கும் நேரம் அது.

அதற்கும் பிடிக்காவிட்டால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் எஞ்சின் சுற்றும், ஆனால் தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போதிய மின்சாரம் போகாமல் தீப்பொறி மங்கிவிடும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு நல்ல கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்பதையும் பெட்ரோல் குழாயைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். குழாயைக் கழற்றியபின் அங்கே ஆவி பரவியிருக்கும். ஒரு பொறி போதும், தீப்பிடிக்க.

தீப்பொறி நன்றாக இருக்கிறதென்றால் அடுத்தது பெட்ரோல். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் இது சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, உள்ளே பார்த்தபடி த்ராட்டில் நெம்புகோலைக் (ஆக்சிலரேட்டர் அசைக்கும் கோல்) கையால் திருப்புங்கள். சின்னப் பித்தளைக் குழாயிலிருந்து பெட்ரோல் நூலிழைபோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் அறையில் பெட்ரோல் இருக்கிறது. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு), ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) பக்கம் பழுதைத் தேடுங்கள். பழைய மினியின் எஸ்யூ கார்புரேட்டரில் இந்த ஏற்பாடு கிடையாது, மிதவை அறையின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அறை காலியா? காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் துடித்துத் துடித்து விழுந்தால் பம்ப் நலம். அப்படியானால் மிதவை அறைக்குள் வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வு பிசினில் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அறையை மெல்லத் தட்டினால் பல சமயம் விடுபடும். ஆனாலும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள்.

பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தால் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே காற்று நுழைகிறது. இது ஏமாற்றும் பழுது. அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுவதால் வெடித்த ரப்பர் குழாய் வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கும். கீழே ஈரத்தைத் தேடினால் அகப்படாது. குழாயை வளைத்து, கிளிப் இருக்கும் முனைகளில் வெடிப்பைத் தேட வேண்டும்.

நம் ஊர் வெயில் தரும் தொல்லை தனி. நண்பகலில் விரைவுச்சாலையில் ஊர்ந்து வந்து தேக்காவில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்தால் கார் கிளம்பாது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35 பாகை செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கும். நின்றுபோன எஞ்சினின் சூடு மேலேறி அறையில் இருப்பதைக் கொதிக்க வைக்க, அது ஜெட் வழியே எஞ்சினுக்குள் வழிந்துவிடும். அப்போது சோக் இழுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி, திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதிகப்படி பெட்ரோல் வெளியேறியதும் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி இப்படி ஆனால், பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இருபது நிமிடம் ஓடியபின் திக்கினால் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கடைசியாக, எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பெரும்பாலும் எஞ்சினோடு பொருத்திய பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கும். பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.