பொம்மைக் கடை அலமாரியில் யாருக்கு இடம்?

கடையில் அடுக்கியிருக்கும் பொம்மைகளைப் பார்த்ததும், "இப்போதைய பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது போல" என்று பெற்றோர் நினைத்துக்கொள்வது வழக்கம். கொள்முதல் பிரிவில் இருப்பவர் கண்ணுக்கு அது வாடகை கட்டி வைத்திருக்கும் இடம். இத்தனை செ.மீ. அகலம் வாரத்துக்கு எவ்வளவு லாபம் தருகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொம்மை நல்லதா, குழந்தை அதை எத்தனை நாள் விளையாடும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பல சமயம் வருவதே இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 90 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டு. 30 செ.மீ. அகலப் பெட்டியில் வரும் பிளாக்ஸ் செட் என்றால் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். விலை 999 ரூபாய், கடைக்கு நிற்பது 350 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு விற்றால் 700 ரூபாய். அதே அகலத்தில் ஏழு கொக்கி மாட்டி, அட்டையில் ஒட்டிய குட்டிக் கார்களைத் தொங்கவிட்டால்? விலை 149, லாபம் 50. கொக்கிக்கு மூன்று வீதம் 21 கார் போனால் 1,050 ரூபாய். குழந்தை பிளாக்ஸை இரண்டு வருடம் விளையாடும், காரின் சக்கரம் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது. கார்தான் ஜெயிக்கும்.

தயாரிப்பாளருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் பெட்டிகள் இப்போது முகம் பெரிதாகவும் ஆழம் குறைவாகவும் வருகின்றன. முகம் பெரிதானால் கொடுத்த காசுக்குப் பெரிய சாமான் என்று தோன்றும். ஆழம் குறைந்தால் ஒரு தட்டில் பின்னால் இன்னும் நான்கு நிற்கும், கன்டெய்னரிலும் அதிகம் ஏறும். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். உள்ளே எவ்வளவு பொம்மை, எவ்வளவு காற்று என்பது அங்கேதான் தெரியும்.

விலையும் பின்னாலிருந்துதான் கட்டப்படுகிறது. 99, 199, 499, 999 என்று கடைக்குத் தேவையான விலைப்படிகள் முதலில். கடை விலை தொழிற்சாலை விலையைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும் என்பது இந்தத் தொழிலின் தோராயம். 499 ரூபாய்ப் பொம்மையைத் தொழிற்சாலை 100 முதல் 125 ரூபாய்க்குள் முடித்துத் தர வேண்டும். மாதிரி 140 ரூபாயில் வந்து நின்றால் எதையாவது வெட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெயின்ட் போகும். ஸ்க்ரூவுக்குப் பதில் பசை வரும். முட்டி மடங்க வேண்டிய பொம்மை விறைத்த காலோடு நிற்பது இங்கேதான் முடிவாகிறது. விலைப்படியைத் தாண்டிய நல்ல மாதிரிகள் கடைக்கு வராமலே போகும்.

அடுத்தது காலண்டர். அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பொம்மை வணிகத்தின் தாளத்தைப் பெரும்பாலும் போடுவது அவர்களுடைய கிறிஸ்துமஸ்தான். அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கான மாதிரிகளை வாங்குநர்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே லாஸ் ஏஞ்சலஸில் மூடிய அறைகளில் பார்த்துவிடுவார்கள். ஜனவரியில் ஹாங்காங் கண்காட்சி, அதையொட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் கண்காட்சி. எந்தத் தட்டில் எது, எத்தனை என்று சொல்லும் பிளானோகிராம் என்ற வரைபடம் வசந்த காலத்துக்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். எஃகு அச்சு வெட்ட இரண்டு மூன்று மாதம், பிறகு உற்பத்தி, பரிசோதனை, கடல் பயணம். கோடை கழியும்போது கடைகளில் அலமாரியை மாற்றி அடுக்குவார்கள். குழந்தை அதைப் பார்க்கும்போது முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

அதனால் ஊகம் தப்பினால் திருத்த நேரம் இருக்காது. 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் படம் வெளியானபோது பொம்மை உரிமம் கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகவில்லை. எனவே அட்டை உறை ஒன்றை விற்றார்கள். உள்ளே இருந்த சீட்டை அனுப்பினால் நான்கு பொம்மைகள் அடுத்த வருடம் தபாலில் வரும். 2013 நவம்பரில் ஃப்ரோஸன் படம் வந்தபோதும் அதே கதை: கடைகள் அடக்கமாக ஆர்டர் கொடுத்திருந்தன, 2014-இல் அந்தப் படத்தில் வரும் எல்சாவின் பொம்மைக்குப் பெற்றோர் அலைந்தார்கள். அச்சும் கப்பலும் ரசிகர்களின் வேகத்துக்கு ஓடாது.

படப் பாத்திரப் பொம்மைக்கு இன்னொரு செலவும் உண்டு. கடைக்கு விற்கும் மொத்த விலையில் ஒரு குறிப்பிட்ட பங்கு, படத்தின் உரிமையாளருக்கு ராயல்டியாகப் போகும். விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் உண்டு. அந்தத் தொகையைக் கட்டிவிட்ட கம்பெனி அதை மீட்கும்வரை அலமாரியில் அந்த முகத்தைத்தான் தள்ளும். அதே விலையில் முகம் ஒட்டாத பொம்மையில் பிளாஸ்டிக் கனமாக இருக்கும். ராயல்டியில் போகும் காசு அதில் பொம்மைக்குள்ளேயே இருக்கிறது.

பெற்றோருக்குச் சொல்லப்படாத விஷயம் கார்ட்டன் கலவை. ஆக்ஷன் பொம்மைகளைக் கடைக்காரர் பாத்திரம் பாத்திரமாகப் பொறுக்கி வாங்குவதில்லை. எட்டோ பன்னிரண்டோ கொண்ட ஒரு கார்ட்டன் வரும். உள்ளே என்ன கலவை என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானிப்பார். நாயகன் மூன்று, வில்லன் இரண்டு, புதுப் பாத்திரம் ஒன்று என்பது மாதிரி. பெண் பாத்திரத்தைப் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையில் கார்ட்டனுக்கு ஒன்று மட்டும் போடுவது நெடுநாள் பழக்கம். அந்த ஒன்று முதல் நாளே போய்விடும். பிறகு, "பார்த்தீர்களா, மொத்த விற்பனையில் பெண் பாத்திரத்தின் பங்கு எவ்வளவு குறைவு" என்று அந்த அறிக்கையையே அடுத்த வருடத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இல்லாத சரக்கு எப்படி விற்கும்? 2015-இல் புதிய ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகி ரே, ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் மோனோபொலி விளையாட்டு செட்டில் இடம்பெறாமல் போய்ப் பெரிய சர்ச்சையானது. பிறகு சேர்த்தார்கள்.

கலவை தப்பினால் வரும் இன்னொரு கோளாறு கடைக்குள்ளேயே நடக்கும். நாயகன் தீர்ந்துவிட்டான்; கொக்கியில் யாருக்கும் வேண்டாத துணைப் பாத்திரம் ஒன்பது தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பார்கோடு என்றால் கம்ப்யூட்டர் "ஒன்பது இருக்கிறது, போதும்" என்று சொல்லிவிடும். மறு ஆர்டர் போகாது. அந்த ஒன்பதும் தள்ளுபடியில் போகும்வரை புதுச் சரக்கு வராது. திருட்டுப் போனதோ குடோனில் இடம் மாறியதோ கணக்கில் இருப்பாக நின்றாலும் இதே கதைதான். நீங்கள் தேடும் பொம்மை வாரக்கணக்கில் இல்லையென்றால் "எப்போ வரும்" என்று கேட்பதைவிட, "சிஸ்டத்தில் எத்தனை காட்டுகிறது" என்று கேளுங்கள். இருப்பு காட்டியும் கொக்கியில் இல்லையென்றால் மேலாளர் எண்ணிச் சரிசெய்தால்தான் ஆர்டர் நகரும்.

மெதுவாக விற்கும் பொம்மைக்கு வருடம் முழுக்க இடம் கொடுத்த கடை என்றால் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ்தான். வால்மார்ட், டார்கெட் போன்ற சங்கிலிக் கடைகள் கிறிஸ்துமஸ் முடிந்ததும் பொம்மை வரிசையைச் சுருக்கிவிடுவார்கள். 2005-இல் புது முதலாளிகள் கடன் வாங்கி வாங்கிய டாய்ஸ் ஆர் அஸ், அந்தக் கடனோடு 2017 செப்டம்பரில் திவால் மனு போட்டது. 2018 ஜூனில் அமெரிக்கக் கடைகள் மூடின. சிறு தயாரிப்பாளர்கள் புதுச் சரக்கை வைத்துப் பார்க்க இருந்த இடமும் அதோடு போயிற்று.

நம் ஊர் அலமாரியைப் புரட்டிப்போட்டது சட்டம். 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. இதற்கிடையே 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது. 2018-19-இல் 37 கோடி டாலரைத் தொட்ட பொம்மை இறக்குமதி 2021-22-இல் 11 கோடி டாலராக இறங்கியது. ஐஎஸ்ஐ முத்திரை போடுவதற்கான உரிமம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை தனி. சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644. ஒரு கரடிப் பொம்மைக்குள் பாட்டுப் பாடும் சிறு பெட்டியை வைத்தால் வேறு தரநிலை, வேறு உரிமம். சின்னக் கம்பெனி என்ன செய்யும்? பாட்டை எடுத்துவிடும். புதிர் அட்டை, போர்டு கேம், வார்ப்புப் பிளாஸ்டிக் வண்டி என்று எளிய சரக்கு நம் கடைகளில் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முத்திரையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மேலே ஐஎஸ் எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தரநிலை அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உற்பத்தியாளர் பெயர் வரும். பெட்டியில் அச்சிட்ட பெயரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையில் முத்திரை இல்லையே என்று மிரள வேண்டாம்.

"3+" என்ற அச்சை அறிவுத்திறன் அளவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது மூச்சடைப்பு எச்சரிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையிலிருந்து கழலும் எந்தத் துண்டும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அது சுலபமாக உள்ளே போய்விடும். சோதனையில் தேறாத பொம்மைக்கு 3+ என்று அச்சடித்து அலமாரியில் வைப்பதும் நடக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால், "நம் பிள்ளை புத்திசாலி" என்று அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத பட்டன் செல் பொம்மையை எந்த வயதுக்கும் வாங்க வேண்டாம்.

புதுச் சரக்குக்கு இடம் காலியாக வேண்டியபோது பழையது பாதி விலைக்கு வரும். அந்தத் தள்ளுபடியை ஏற்பது பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் என்பதால் கடைக்கு அதில் வருத்தமில்லை. உங்களுக்கும் லாபம்தான், ஆனால் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அமுக்கிப் பார்க்கப் பெட்டியில் துளை விட்ட பொம்மையில் இருப்பது கடையில் இயக்கிக் காட்டுவதற்காகப் போட்ட பேட்டரி. ஒன்றரை வருடத்தில் அது கசிந்து தகட்டைப் பச்சையாக்கியிருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். களிமண், ஸ்லைம் வகை என்றால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள், உள்ளே காய்ந்திருக்கும்.